பழைய வானுக்குப் பெரிய எஞ்சின்: கூட்டுக்காசைக் கொடுப்பதற்கு முன்

இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குக் கிடைக்கும் காணி பெரும்பாலும் தெருவோரக் காணியாக இருப்பதில்லை. மண்சரிவுக்குத் தப்பி வந்தவர்களானாலும் சரி, கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக 1980களில் வயலையும் வீட்டையும் விட்டுக் கொடுத்து மேட்டுநிலத்துக்கு ஏறியவர்களானாலும் சரி, அவர்களுடைய போஞ்சியும் கோவாவும் மிளகும் கராம்பும் முதலில் ஒரு மண்பாதையில் இறங்கி, பிறகு ஒரு தார்ப்பாதையில் ஏறி, அதற்குப் பிறகுதான் நாவலப்பிட்டிச் சந்தையைக் காண்கின்றன. மழைக்காலத்தில் முச்சக்கர வண்டிக்காரர் வர மறுக்கிறார். வருகிறவர் கேட்கும் கூலி, மூட்டையின் இலாபத்தை விழுங்கி விடுகிறது. இரவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை நாவலப்பிட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் அது வேறு கதை.

ஆகவே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய நாற்சக்கர இயக்க வானை வாங்குவது நம் பகுதிகளில் புதிதல்ல. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்குப் பின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. திறந்த பின்னும் வரியைச் சேர்த்தால் விலை நமக்கு எட்டாத உயரம். எனவே முப்பது, நாற்பது வயதுடைய டெலிகாவும் லைட் ஏஸும் ஹையேஸும் இன்னும் மலையேறுகின்றன. ஏறும்போது திணறுகின்றன. உடனே எல்லோர் வாயிலும் வருவது ஒரே பேச்சு: பெரிய எஞ்சின் ஒன்றைப் போட்டு விடுவோம்.

போடலாம். ஆனால் கூட்டுக்காசு ஒருமுறைதான் சேரும். அதைக் கராஜில் கொடுப்பதற்கு முன் சில விஷயங்களை நாமே விளங்கிக்கொள்ள வேண்டும்.

மலையேற எவ்வளவு வலு வேண்டும்?

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். வானும் சுமையும் ஆட்களும் சேர்ந்து 2,200 கிலோ என்று வைப்போம். பத்து அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் அது பின்னோக்கி இழுக்கும் பாரம் 220 கிலோ. கரடுமுரடான பாதையில் சக்கரம் உருள்வதற்கு இன்னும் ஒரு 45 கிலோ. ஆக 265 கிலோ. இதை மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது செக்கனுக்கு எட்டேகால் மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக, தள்ள வேண்டும். ஒரு குதிரை வலு என்பது 75 கிலோ பாரத்தை ஒரு செக்கனில் ஒரு மீற்றர் உயர்த்தும் வலு. பெருக்கிப் பிரித்தால் ஏறத்தாழ 30 குதிரை வலு வருகிறது. கியர் பொக்ஸிலும் அச்சிலும் வீணாவதைச் சேர்த்தால் எஞ்சின் 37, 38 கொடுத்தால் போதும்.

இனி உயரத்தின் கணக்கு. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,260 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று கடற்கரையை விடப் பதினொரு வீதம் அளவுக்கு ஐதானது. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு மூச்சு இழக்கும். 75 குதிரை வலு என்று எழுதப்பட்ட எஞ்சின் அங்கே 67 கொடுக்கும். அப்போதும் தேவையானதை விட அதிகம்தான்.

இந்தக் கணக்கு சொல்வது இதுதான்: திணறுகிற வான் பெரும்பாலும் சிறிய எஞ்சின் கொண்ட வான் அல்ல, நோயுற்ற எஞ்சின் கொண்ட வான். அல்லது தவறான கியரில் ஓடுகிற வான்.

ரயில்வேக்காரர்கள் இதை நமக்கு முன்பே அறிந்தவர்கள். 1874இல் நாவலப்பிட்டி வரை வந்த ரயில் பாதை, ஹட்டனைத் தொட இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. நாற்பத்து நான்கு அடிக்கு ஓர் அடி என்பதே அந்தப் பாதையின் ஏற்றம். தெருவில் நாம் கவனிக்கவே மாட்டாத ஏற்றம் அது. இரும்புச் சக்கரத்துக்கோ பெரும் மலை. அங்கே பாரமான வண்டிக்கு இன்னோர் எஞ்சினைப் பின்னால் தள்ள வைத்தார்கள். வேகத்தை விட்டுக் கொடுத்தார்கள். நமக்கும் வேகம் விட்டுக் கொடுக்கக் கூடியதே. சந்தை விடிகாலை நான்கு மணிக்கென்றால் அரை மணி முன்பே புறப்படலாம்.

முதலில் நோயைப் பாருங்கள்

எஞ்சினை இறக்குவதற்கு முன் ஒரு நல்ல பாஸைக் கொண்டு இவற்றைப் பார்க்கச் செய்யுங்கள். காற்று பில்டர் அடைத்திருக்கிறதா? தோட்டப் பாதைத் தூசியில் அது மாதக் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில் அடைக்கும். டீசல் பில்டரில் தண்ணீர் நிற்கிறதா? எக்சலேற்றர் மிதியை அடிவரை அழுத்தும்போது பம்பிலுள்ள கை முழுதாகத் திறக்கிறதா? கேபிள் தொய்ந்து முக்கால் பங்கில் நின்றுவிட்ட வான்கள் எத்தனையோ. இஞ்செக்டர்கள் தூவுகின்றனவா, ஒழுகுகின்றனவா? கிளட்ச் வழுக்குகிறதா? தட்டையான இடத்தில் கியரை நியூட்ரலில் விட்டுத் தள்ளினால் இரண்டு பேரால் வான் நகர்கிறதா? நகராவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எந்த எஞ்சினாலும் குணப்படுத்த முடியாது.

டயரையும் பாருங்கள். மண்பாதைக்கென்று பெரிய டயர் போட்டவர்கள் உண்டு. டயர் பத்து வீதம் பெரிதானால் எல்லாக் கியரும் பத்து வீதம் பாரமாகிவிடும். பழைய அளவு டயருக்குத் திரும்பியதுமே ஏற்றம் இலகுவாகும்.

இன்னொன்று, சாரதியின் பழக்கம். டெலிகா போன்ற வான்களில் இரண்டாவது கியர்க் கோல் ஒன்று இருக்கிறது. அதை 'எல்' என்ற இடத்தில் போட்டால் சக்கரத்தின் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். எல்லா நாற்சக்கர வான்களிலும் இது கிடையாது; இருக்கிற வான்களிலும் பல சாரதிகள் அதைத் தொடுவதே இல்லை. மண்பாதையில், சேற்றில், பாரத்தோடு ஏற வேண்டிய செங்குத்தான இடத்தில், அது காசில்லாமல் கிடைக்கும் பெரிய எஞ்சின். ஆனால் காய்ந்த தார்ப்பாதை வளைவுகளில் நாற்சக்கர இயக்கத்தை எடுத்துவிட வேண்டும். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. இடையில் முறுக்கேறி ஏதோ ஒரு பல்லு உடையும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் இழுவை இல்லை, எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறது, காலையில் ஸ்டார்ட் எடுக்க மலைச்சரிவு தேவைப்படுகிறது என்றால், எஞ்சின் தேய்ந்துவிட்டது. இப்போதுதான் உண்மையான கேள்வி எழுகிறது: இதையே திருத்துவதா, வேறொன்று போடுவதா?

அதே குடும்பத்தில் பெண் எடுங்கள்

வாகனக் கம்பனிகள் எஞ்சினைப் பெரிதாக்கும்போது பெரும்பாலும் முழுதும் புதிதாகச் செய்வதில்லை. அதே உடம்பில் பிஸ்டன் ஓடும் தூரத்தை நீட்டுகின்றன, அல்லது துளையை அகலமாக்குகின்றன. மிட்சுபிஷி டெலிகாவின் இரண்டாம் தலைமுறை 1979இல் வந்தது. 1982இல் அதற்கு நாற்சக்கர இயக்கம் கிடைத்தது. அதன் 4டி55 டீசல் எஞ்சினின் துளை 91.1 மில்லிமீற்றர், ஓட்டம் 90 மில்லிமீற்றர். நான்கு சிலிண்டரும் சேர்ந்து 2,346 சீசீ. பின்னர் வந்த 4டி56இல் துளை அதேதான்; ஓட்டம் மட்டும் 95. அது 2,477 சீசீ. டொயோட்டாவிலும் இப்படியே. லைட் ஏஸ், டவுன் ஏஸ் வான்களின் 2சீ எஞ்சின் 1,974 சீசீ. ஓட்டத்தை 85இலிருந்து 94 மில்லிமீற்றராக்கியதும் 3சீ, 2,184 சீசீ. ஹையேஸின் 2எல் 2,446, 3எல் 2,779, 5எல் 2,986.

ஒரே குடும்பத்துக்குள் மாற்றும்போது தாங்கிகளும் கியர் பொக்ஸ் பொருந்தும் முகமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வெட்டு, ஒட்டு குறைவு. வெல்டிங் அதிகமாக அதிகமாகச் செலவும் அதிகம், பிற்காலத் தொல்லையும் அதிகம். டெலிகா ஸ்பேஸ் கியரிலும் பஜேரோவிலும் வந்த 2,835 சீசீ 4எம்40 எஞ்சினைப் பழைய டெலிகாவில் போட ஆசைப்படுவோர் உண்டு. நல்ல எஞ்சின்தான். ஆனால் அது வேறு குடும்பம். பாரமும் கூட. இருக்கைக்கு அடியில் எஞ்சின் குந்தியிருக்கும் வானில் அதற்கு இடம் உண்டாக்குவது என்பது வானையே மறுபடி கட்டுவது போல. கூட்டுக்காசில் செய்யும் வேலையல்ல அது என்பது என் எண்ணம்.

இன்னொரு மயக்கத்தையும் தெளிவாக்க வேண்டும். 4டி55ஐ எடுத்து 4டி56ஐப் போட்டால் கூடுவது 131 சீசீ, ஆறு வீதம்கூட இல்லை. டர்போ இல்லாத 4டி56 ஏறத்தாழ 75 குதிரை வலு. அக்கால டெலிகாவில் வந்த டர்போ உள்ளது 85. பெற்றோல் 1,997 சீசீ எஞ்சின் புதிதாக இருந்தபோது இவ்விரண்டையும் விட அதிக குதிரை வலு கொடுத்தது! அப்படியானால் டீசல் எதற்கு? குறைந்த சுழற்சியிலேயே அது இழுக்கிறது என்பதற்காக. பெற்றோல் எஞ்சின் கத்தினால்தான் இழுக்கும். டர்போ டீசல் முணுமுணுத்தபடி இழுக்கும். சுமை ஏற்றி மெதுவாக ஏறுபவனுக்கு இரண்டாவதே நல்லது. டர்போ ஐதான மலைக்காற்றையும் அமுக்கிக் கொடுத்து ஈடுசெய்கிறது.

வாங்கும்போது

கொழும்பில் பஞ்சிகாவத்தையில்தான் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த எஞ்சின்கள் பெருவாரியாக உண்டு. கண்டிப் பக்கக் கடைகளும் அங்கிருந்தே எடுப்பதுண்டு. ஓட்டிக் காட்டாத எஞ்சினை வாங்காதீர்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் கையை வைத்தால் தெரியும். எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால்கோப்பி நிறப் படிவு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேற்றர் குழாய் வாயில் துரு இருந்தால் அந்த எஞ்சின் சூடேறி அனுபவித்தது. 2சீ டர்போ, 4டி56 ஆகிய இரண்டின் தலைகளும் சூடேறினால் வெடிப்பதற்குப் பேர் போனவை. நான்கு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருப்பது முக்கியம்.

வெறும் எஞ்சினை வாங்காமல் முழுதாக வாங்குங்கள். பம்ப், டர்போ, ஸ்டார்ட்டர், ஒல்டனேற்றர், வயர்க்கட்டு, வெளியேற்றக் குழாயின் முதல் துண்டு, முடிந்தால் கியர் பொக்ஸும். பெற்றோலிலிருந்து டீசலுக்கு மாறுவதென்றால் கியர் பொக்ஸ் கட்டாயம் சேர வேண்டும் என்றே சொல்வேன். முன்முகம் பொருந்துமா என்பதைக் கடையிலேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

4டி56இல் இரண்டு பெல்ட்டுகள் இருக்கின்றன. பெரியது வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட். சிறியது அதிர்வைக் குறைக்கும் தண்டுகளை ஓட்டுவது. சிறியதுதானே என்று அதை விட்டுவிடுவார்கள். அது அறுந்து பெரியதற்குள் சிக்கினால் பெரியதும் போகும். பிஸ்டன் வால்வை இடிக்கும். எனவே எஞ்சின் தரையில் இருக்கும்போதே இரண்டு பெல்ட்டையும், தண்ணீர் பம்பையும், பின் எண்ணெய் சீலையும் மாற்றிவிடுங்கள். உள்ளே ஏற்றிய பிறகு இருக்கையைக் கழற்றிக் கையை நுழைத்துச் செய்வதற்குக் கூலி மூன்று மடங்கு.

பிரேக்கும் டிபரன்ஷியலும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். எஞ்சின் ஏற வைக்கும். இறங்க வைப்பது வேறு.

பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் அந்த வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் இல்லை. அதற்கென்று தனியாக ஒரு சிறு பம்ப், பெரும்பாலும் ஒல்டனேற்றரின் பின்புறத்தில், வைத்திருக்கிறார்கள். பெற்றோல் வானுக்கு டீசல் எஞ்சின் போட்டுவிட்டு, பழைய ஒல்டனேற்றரையே மாட்டி, பூஸ்டர் குழாயை எங்கோ செருகி அனுப்பினால், தட்டையான தெருவில் யாருக்கும் தெரியாது. கினிகத்தேனை இறக்கத்தில் தெரியும். வேலை முடிந்ததும் இப்படிச் சோதியுங்கள்: எஞ்சினை நிறுத்தி, மிதியை நாலைந்து முறை அழுத்துங்கள். அது கல் போலாகும். அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி தானாகச் சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் வானைப் பொறுப்பேற்காதீர்கள்.

தென்னாபிரிக்காவில் வொல்க்ஸ்வாகன் கம்பனி தன் பழைய மாதிரி வானை, ஜேர்மனி அதைக் கைவிட்ட பிறகும், 2002 வரை செய்து வந்தது. 1990களில் அதற்கு ஐந்து சிலிண்டர் கொண்ட அவுடி எஞ்சினை, முதலில் இரண்டரை லீற்றரும் பிறகு 2.6 லீற்றருமாக, பொருத்தினார்கள். பழைய வானுக்குப் பெரிய எஞ்சின் போட்டது ஒரு கம்பனியே. ஆனால் அவர்கள் முன் பிரேக் தட்டுகளையும் பெரிதாக்கினார்கள். அந்தப் பிரேக்கைத் தேடி வாங்கிப் போடுபவர்கள் இன்றும் உலகமெங்கும் இருக்கிறார்கள். நம் கராஜ்களில் எஞ்சினுக்கு விலை பேசும்போது பிரேக்கை யாரும் பேசுவதில்லை. புதிய பாட்கள், புதிய குழாய்கள், புதிய பிரேக் எண்ணெய் ஆகியவற்றைக் கணக்கின் முதல் வரியில் எழுதுங்கள்.

அடுத்தது அச்சு விகிதம். டீசல் எஞ்சின் பெற்றோல் எஞ்சினை விட மெதுவாகச் சுழல்வது. பெற்றோல் வானின் டிபரன்ஷியலோடு டீசலைப் போட்டால் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும், தட்டையில் கத்தும். மலையில் மட்டுமே ஓடுகிற வானுக்கு அது குறையல்ல, அப்படியே விட்டுவிடலாம். மாற்றுவதென்றால் முன், பின் இரண்டையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிய நாற்சக்கர வான், நாற்சக்கரத்தில் போட்ட முதல் நாளே தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும்.

ரேடியேற்றர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பெரிய எஞ்சினுக்குத் தடித்த ரேடியேற்றர், விசிறியைச் சுற்றியுள்ள கூடு உடையாமல். பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கழுவி, டீசல் திரும்பி வரும் குழாயும் தண்ணீர் பிரிக்கும் பில்டரும் போட வேண்டும். பற்றரியும் பெரிதாக வேண்டும்.

கடதாசி வேலை

இதைத்தான் நம்மவர்கள் பிறகு பார்ப்போம் என்று விடுகிறார்கள். கராஜ் வாசலில் கேட்ட பேச்சு ஒன்று:

"பாஸ், நம்பர் மாத்தணுமாமே?"

"அதெல்லாம் மெதுவா மாத்திக்கலாம் அண்ணே. யாரு மூடியத் தொறந்து பாக்கப் போறாங்க?"

பொலிஸ்காரர் திறக்காமல் விடலாம். விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனிக்காரர் கட்டாயம் திறப்பார். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் எரிபொருள் வகையும் எழுதப்பட்டிருக்கின்றன. மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு தேவை. எனவே கடையில் எஞ்சின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டுத் தர மறுக்கும் கடையில் எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். ஆண்டு தோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். கரும்புகை கக்கும் எஞ்சின் அங்கே நின்றுவிடும். பம்பைத் திருகி இழுவையைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

கூட்டு வான் என்றால் ஒன்று கூடுதல். பதிவில் ஒருவர் பெயர்தான் இருக்கும். எஞ்சினுக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள், வானை விற்றால் எப்படிப் பங்கு, பதிவாளர் இடம் மாறிப் போனால் என்ன செய்வது என்பவற்றைச் சங்கக் கூட்டக் குறிப்பில் எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். நாளைக்கு யார் எந்த ஊரில் இருப்போம் என்று சொல்ல முடியாதவர்களுக்கு இந்த ஒரு பக்கம் அவசியம்.

முதல் ஆயிரம் கிலோமீற்றர்

புதிதாகப் பொருத்திய எஞ்சினோடு முதல் நாளே மூட்டை ஏற்றாதீர்கள். வெறும் வானோடு கம்பளை வரை போய் வாருங்கள். சூட்டுமானியில் கண் வையுங்கள். பிறகு பாதிச் சுமையோடு ஏற்றம். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். திரும்பி வந்ததும் ஏறிப்போன டர்போ எஞ்சினை உடனே நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். ஆயிரம் கிலோமீற்றரில் எண்ணெயையும் பில்டரையும் மாற்றி, தாங்கிகளின் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த காலையில் ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் வெறுமனே ஊற்றி மூடிவிடாமல், அது எங்கே போனதென்று கண்டுபிடித்த பின்பே அடுத்த சுமையை ஏற்றுங்கள்.